லைன் எப்படி இருக்கு?

லைன் என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நான் பிறந்தது லைனில். வயதுக்கு வந்தது லைனில். கல்யாணம் கட்டி கேமரன் மலையின் இந்தப் பக்கம் வந்தபோதும் வந்து இறங்கியது இன்னொரு லைனில்தான். ஒரே நீளத் தகரக் கூரை, அதற்குக் கீழே வரிசையாக வீடுகள், நடுவில் பலகைச் சுவர். பக்கத்து வீட்டில் தும்மினால் இந்த வீட்டிலிருந்து ஆசீர்வாதம் சொல்லலாம். தோட்டத்து ஆளுக்கு லைன் என்றால் அதுதான். அதற்கு வேறு அர்த்தம் வைத்துக்கொண்டு வந்து என் வாயைக் கிளறினார்களே, அவர்களை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் வீட்டுக்காரர் கொர்னேலியஸ் தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை செய்கிறார். இந்த டிசம்பரோடு அவருக்கு வேலை முடிகிறது. வேலை முடிந்தால் வீட்டையும் காலி செய்ய வேண்டும், அதுதான் தோட்டத்து வழக்கம். எங்கே போவது? மகன் மார்க் சிங்கப்பூரில் நாலு பேரோடு ஓர் அறையில் படுக்கிறான். தங்கை கேத்லீன் லெம்பா பெர்த்தாமில் வாடகைக்கு இருக்கிறாள், வெள்ளம் சேறாக வீட்டுக்குள் வந்த வருஷத்தில் போன சாமானையே அவள் இன்னும் வாங்கி முடிக்கவில்லை. ஃபேக்டரிக்கு மேலே சும்மா கிடக்கும் மேட்டு நிலத்தில் எங்களுக்குச் சொந்த வீடு கட்டித் தருவதாகப் பழைய துரை சொன்னார். அதற்கு முந்தின துரையும் சொன்னார். இப்போது இருப்பவர் ராதாகிருஷ்ணன். பெயரைக் கேட்டால் நம்ம ஆள். ஆனாலும் மேனேஜர் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் எங்கள் வாயில் துரைதான். இந்தத் துரை "பாக்கலாம்" என்றார். பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

அப்படி நான் வயிறு எரிந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம்தான் அந்த வேன் வந்தது. திரிங்காப்பில் பூத்தோட்டத்து வேலை முடிந்து, ரப்பர் பூட்ஸும் சேறுமாக லைன் வாசலுக்கு வருகிறேன். வேன் மேலே ஒரு கம்பம், பக்கத்தில் கேமரா, மைக்கோடு ஒரு பெண். சுபத்ரா என்று பெயர் சொன்னாள். காசு கட்டாமல் பார்க்கும் ஏதோ ஒரு சேனலிலிருந்து வந்திருந்தாள். மைக்கை நீட்டிச் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஆன்ட்டி, இங்க லைன் எப்படி இருக்கு?"

கடவுளே, இத்தனை வருஷத்தில் அதை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள்தான். நான் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

"லைனா? இதெல்லாம் ஒரு லைனாம்மா? வெள்ளக்காரன் காலத்துல போட்டது. மழ பேஞ்சாப் போச்சு. காத்தடிச்சா ஆடுது. ராத்திரி நிம்மதியாக் கண்ண மூட முடியுதா? சொல்லிச் சொல்லி எங்க வாய் வலிக்குது, ஒருத்தன் வந்து பாக்கல. எங்களுக்கு இந்த லைனே வேணாம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனியா, சொந்தமா ஒன்னு குடுங்க. வீடும்மா, வீடு! டிசம்பர்ல என் வீட்டுக்காரருக்கு வேல முடியுது. வெளிய போன்னா நாங்க எங்க போவோம்? தேயிலத் தூர்லயா படுக்கறது?"

கடைசியில் அழுதுவிட்டேன். சுபத்ரா என் தோளைத் தொட்டு, "ரொம்ப நல்லாப் பேசினீங்க ஆன்ட்டி, வெள்ளிக்கிழம செய்தியில வரும்" என்றாள். அந்தப் பிள்ளைக்காக நான் அன்று இரவு ஜெபம்கூடப் பண்ணினேன்.

டிவியில் வந்துவிட்டால் துரை பதில் சொல்லியே ஆக வேண்டும். எனக்கு இருந்தது அந்த ஒரு நம்பிக்கைதான். ஆனால் அதைப் பார்க்க டிவி வேலை செய்ய வேண்டுமே. எங்கள் லைன் இருப்பது பள்ளத்தில். டிவி டவர் மலை உச்சியில். நடுவில் ஒரு தேயிலை மேடு குறுக்கே படுத்திருக்கிறது. பழைய நாளில் படத்தில் புள்ளி புள்ளியாகக் கொசு பறந்தாலும் ஆள் முகம் தெரியும். டிஜிட்டல் என்று மாற்றிய பிறகு வந்தால் கண்ணாடி மாதிரி வரும், வராவிட்டால் வெறும் கறுப்பு. மாதக் கட்டணம் கட்டும் டிஷ் சட்டிகளை எங்கள் லைனில் எல்லோரும் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். ஃபோனில் பார்க்கலாம் என்றால் அந்தப் பள்ளத்தில் வட்டம்தான் சுற்றும்.

ஆகவே கொர்னேலியஸ் ஏரியலைக் கையில் எடுத்தார். முதலில் ஜன்னலில் கட்டினார், ஒன்றும் வரவில்லை. தானா ராத்தா டவுனில் ஒரு பூஸ்டர் வாங்கி வந்து மாட்டினார். இல்லாத சிக்னலைப் பெருக்கினால் என்ன கிடைக்கும்? சைபரை எதால் பெருக்கினாலும் சைபர்தான். ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு இழுத்திருந்த பழைய வயரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரே நீள வயராகப் போட்டார். டிக்கோடர் பெட்டி கொஞ்சம் உயிர் காட்டியது. பிறகு ஒரு மூங்கிலில் ஏரியலைக் கட்டிக் கூரைமேல் ஏறினார். பக்கத்து வீட்டு மகேன், திரிங்காப்பில் முட்டைக்கோஸ் லோரி ஓட்டுகிறவன், ஏணியைப் பிடித்தான். நான் உள்ளே டிவியில் தெரியும் சிக்னல் கோட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"அக்கா, லைன் வந்துருச்சா?" என்று கத்தினான் மகேன்.

"லைன் எங்கடா வரும்? அது இருக்கற எடத்துலதான் இருக்கு!"

"ஐயோ, டிவி லைன்க்கா!"

"அத சிக்னல்னு சொல்லு! லைன் லைன்னு உயிர வாங்காத."

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் பல்லைத் தட்டிக் கையில் கொடுப்பேன். நான் பேசியது தமிழ், தோட்டத்துத் தமிழ். உறைக்க வேண்டியது கேட்க வந்தவளுக்கு.

ஏரியல் திருப்புவதில் புருஷன் பெண்டாட்டி ஒற்றுமை என்னவென்று தெரிந்துவிடும். டிஜிட்டல் பெட்டி உடனே பதில் சொல்லாது, கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கோட்டை ஏற்றும். நான் "வந்துருச்சு!" என்று கத்துவதற்குள் அவர் இன்னும் இரண்டு விரற்கடை திருப்பியிருப்பார். நான் "போயிருச்சு!" என்பதற்குள் திரும்பி வந்திருப்பார்.

"ஒரு எடத்துல நிறுத்துங்களேன்! காத்தாடியா சுத்துறீங்க?"

"நீ ஒழுங்காச் சொல்லு பிலோமி! வந்துருச்சுங்கற, போயிருச்சுங்கற!"

"வந்துருச்சு, நீங்கதான் வெரட்டி விட்டுட்டீங்க!"

லைன் முழுக்க வாசலில் நின்று சிரித்தது. மகேனின் அம்மா நீலாவதி முறுக்கைக் கடித்துக்கொண்டே, "ஞானஸ்நானம் வாங்கின வீட்டுல இந்தச் சத்தமா?" என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "எக்கேடோ கெட்டுப் போங்க, உங்களால ஒரு காரியம் உருப்படியா ஆயிருக்கா?" என்று ஜன்னல் வழியே கத்தினேன். சாதுவான மனுஷர் அவர். அன்று அவருக்கும் கோபம் வந்து மூங்கிலை அப்படியே விட்டுவிட்டு இறங்கினார். மூங்கில் தானாகச் சுழன்று, டவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஃபேக்டரிப் பக்கம் திரும்பி நின்றது.

உள்ளே டிவியில் படம் வந்தது. சுத்தமாக, ஆள் முகத்து வியர்வைகூடத் தெரிகிற மாதிரி.

"ஃபேக்டரிக் கூரையில பட்டுத் திரும்பி வருதுபோல" என்றான் மகேன். இருக்கும். போன வருஷம்தான் அந்தக் கூரையைப் பளபளவென்று புதிதாக மாற்றினார்கள். தேயிலை நனையக்கூடாதல்லவா! எங்கள் கூரையில் ஓட்டைக்கு ஓட்டை தார் பூசி நாங்களே அடைக்கிறோம். ஃபேக்டரிக் கூரையால் இத்தனை காலத்தில் எங்களுக்குக் கிடைத்த ஒரே உபகாரம் அந்தப் படம்தான்.

வெள்ளிக்கிழமை என் வீட்டில் நிற்க இடமில்லை. நான் நல்ல சேலை கட்டியிருந்தேன், டிவிக்குள் நான் பூட்ஸோடு நிற்கப்போகிறேன் என்று தெரிந்தும். செய்தி ஓடியது. முதலில் எங்கள் தேயிலை மேடு வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு சுபத்ராவின் குரல்: "கேமரன் மலைத் தோட்டங்களில் இலவசத் தொலைக்காட்சி லைன் தெளிவாகக் கிடைக்காமல் மக்கள் பெரும் அவதிக்குள்ளாகியுள்ளனர்."

பிறகு என் முகம்.

"லைனா? இதெல்லாம் ஒரு லைனாம்மா? மழ பேஞ்சாப் போச்சு. காத்தடிச்சா ஆடுது. ராத்திரி நிம்மதியாக் கண்ண மூட முடியுதா? ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனியா, சொந்தமா ஒன்னு குடுங்க."

அவ்வளவுதான். அடுத்த காட்சியில் ஒரு கூரைமேல் துருப்பிடித்த டிஷ் சட்டி. அதற்குப் பிறகு நான் அழுகிற முகம், சத்தமில்லாமல், சோக வயலினோடு.

பிறகு பின்னால் யாரோ களுக்கென்றார்கள். அப்புறம் வீடே சிரித்தது. நீலாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏன் பிலோமி, நாடகம் பாக்க முடியலன்னா ராத்திரி தூங்காம அழுத?" என்றாள். நான் எழுந்து போய் ப்ளக்கைப் பிடுங்கினேன். எல்லோரையும் வெளியே போகச் சொன்னேன். போனார்கள், வாசலில் நின்றும் சிரித்தார்கள். அவர்களுக்கும் அதே ஓட்டைக் கூரைதான். ஆனாலும் சிரிப்பு வந்தது அவர்களுக்கு!

மறுநாள் ஃபோனை எடுத்துக்கொண்டு மேட்டின் மேலே ஏறினேன். மூச்சு வாங்கியது. அந்தப் பெண் கொடுத்த நம்பர் என்னிடம் இருந்தது. ஏன் இப்படிப் பண்ணினாய் என்று கேட்டேன்.

"ஆன்ட்டி, நான் லைன்னுதானே கேட்டேன்?" என்றாள்.

"நானும் லைனத்தானேம்மா சொன்னேன்! நான் வீடுன்னு சொன்னதும் உங்க காதுல விழலயா? டிசம்பர்னு சொன்னேனே?"

"விழுந்துச்சு ஆன்ட்டி. ஆனா எங்க நியூஸ் டிவி பத்தினது. வீட்டு விஷயம் டோப்பிக்குக்கு வெளிய போயிருச்சு, எடிட்டிங்ல எடுத்துட்டாங்க."

ஆக, தெரியாமல் நடந்த தப்பு இல்லை. என் பேச்சைக் கேட்டிருக்கிறார்கள், புரிந்திருக்கிறார்கள், புரிந்த இடத்தைத்தான் வெட்டியிருக்கிறார்கள். கண்ணீரை மட்டும் வீணாக்காமல் வைத்துக்கொண்டார்கள். அந்த மேட்டில் நின்று நான் திட்டிய திட்டுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்றார் கொர்னேலியஸ். செய்ய மாட்டேன் என்றேன்.

"விடு பிலோமி" என்றார். "துரை மொகத்துல முழிக்கணும். இன்னும் கொஞ்ச நாள்தான."

"அந்தக் கொஞ்ச நாளுக்கு அப்புறம் என்னாங்கறதத்தான நானும் கேக்குறேன்?"

அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். அவருக்குத் தெரிந்த சண்டை அவ்வளவுதான்.

கூத்து அதோடு முடியவில்லை. செய்தியைப் பார்த்து யாரோ ஒரு பெரிய மனுஷருக்கு மனம் இளகிவிட்டதாம். எங்கள் லைனில் குடும்பத்துக்கு ஒன்று, தனியாக, சொந்தமாக, நான் கேட்டபடியே கொடுத்தார்கள். ஏரியல்! இரும்புக் கம்பத்தோடு புதிய ஏரியல். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள். எனக்கு அந்தப் பொரிகூட இல்லை, தின்ன முடியாத கம்பி.

கூடாரம் போட்டார்கள். கறி பாப் பலகாரம் கொடுத்தார்கள். துரை மாலை போட்டுக்கொண்டு நின்றார். கேமராவோடு சுபத்ராவும் வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்தினாள், ஆனாலும் மைக்கை நீட்டினாள்.

"இப்ப லைன் எப்படி இருக்கு ஆன்ட்டி?"

"வீடு எப்படி இருக்குன்னு கேளு" என்றேன். "அந்த வார்த்தையச் சொல்லிக் கேளு, பதில் சொல்றேன்."

மைக் இறங்கியது. துரை சிரித்துக்கொண்டே, "ஒன்னு குடுத்தா இன்னொன்னு கேப்பாங்க, அதான் நம்ம ஆளுங்க" என்று கேமராக்காரனிடம் சொன்னார். மைக் நீலாவதியிடம் போனது. அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "ரொம்ப நன்றி, இப்ப படம் கிளியரா தெரியுது" என்றாள். அவள் வீட்டில் அன்றைக்கு இன்னும் ஏரியல் மாட்டவேயில்லை.

என் வீட்டில் மாட்டினார்கள். கூரைத் தகரத்தைத் துளைத்து நாலு போல்ட் அடித்து, கம்பத்தை நிமிர்த்தினார்கள். மேட்டைத் தாண்டும் உயரம். படம் அருமையாக வந்தது, பொய் சொல்லக் கூடாது. அன்றைக்குச் சாயங்காலமே மழையும் வந்தது. புதிய துளை வழியாக நேரே டிவி மேல் சொட்டியது. டிவியைத் தள்ளிவைத்து, அந்த இடத்தில் வாளி வைத்தேன். வாளியில் தண்ணீர் விழுகிற சத்தத்தோடு கொர்னேலியஸ் உட்கார்ந்து செய்தி பார்த்தார்.

டிசம்பர் பிறந்து, லைனில் நட்சத்திர விளக்குக் கட்டுகிற நேரத்தில் கிராணி ராய்ஸ்டன் வந்தான். ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணிதான் வீடு காலி செய்யவும் சொல்ல வருவான். என் கண் முன்னால் ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளை. வாசலிலேயே நின்றான். உள்ளே வாளி இருந்தது, கால் வைக்க இடமில்லை.

"அக்கா, துரை சொல்லிட்டு வரச் சொன்னாரு. பண்டிகை முடிஞ்சு, மாசக் கடைசியில வீட்ட ஒப்படைக்கணும்."

"தெரியும்."

"அப்புறம்..." கூரையைக் காட்டினான். "இந்த ஏரியல் வீட்டுக்குக் குடுத்தது. ஆளுக்குக் குடுத்தது இல்லக்கா. போறப்ப கழட்டிட்டுப் போயிடாதீங்க."

"குடும்பத்துக்குச் சொந்தமா ஒன்னுன்னு மைக்குல சொன்னாங்களே?"

"அது சும்மா பேச்சுக்குலா."

"அப்ப நாங்க போனா அது எங்க போகும்?"

"அது எங்கயும் போகாதுக்கா. இங்கயேதான். பெர்மனென்ட்."

தான் என்ன சொல்கிறோம் என்று தெரியாமல்தான் சொன்னான். இந்த மனுஷர் முடி கறுப்பாக இருந்த நாளிலிருந்து இலை வாட்டியிருக்கிறார். அவர் வாட்டிய இலையை எந்தெந்த ஊரிலோ குடிக்கிறார்கள். அவருக்கு இந்தத் தோட்டத்தில் ஓர் அடி நிலம் பெர்மனென்ட் இல்லை. நேற்று வந்த கம்பி பெர்மனென்ட்.

நான் வாளியை எடுத்தேன். ராய்ஸ்டன் இரண்டடி பின்னால் போனான். அவன் மேல் ஊற்றப்போகிறேன் என்று நினைத்தான்போல. அப்படித்தான் நானும் நினைத்தேன். தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, வாளியைத் திரும்ப அதே இடத்தில் வைத்தேன்.

"துரைகிட்டப் போய்ச் சொல்லு" என்றேன். "ஏரியலக் கழட்ட மாட்டோம். அதுக்கு அடியில இருக்கற நாங்களும் கழண்டு போக மாட்டோம். மேட்டு நெலத்துல வீட்டக் கட்டட்டும், அன்னைக்கு வாளியத் தூக்கிட்டு நானே போறேன். அதுவரைக்கும் இங்கதான். ஆள் வச்சுத் தூக்கணும்னா, அந்த சேனல்காரப் பிள்ளையையும் கூட்டிட்டு வரச் சொல்லு. லைன் எப்படின்னு கேக்கட்டும். இந்தத் தடவ வெட்ட முடியாத மாதிரி கிளியராச் சொல்றேன்."

பக்கத்துக் கதவில் நீலாவதி நின்றிருந்தாள். இந்த முறை சிரிக்கவில்லை. மகேனுக்கு அப்பா இல்லை, அவனுக்குத் தோட்டத்தில் வேலையும் இல்லை. இவளுக்குத் தோட்டத்து வேலை முடிகிற வருஷம் இவள் வாசலுக்கும் இதே கிராணி வருவான்.

ராய்ஸ்டன் என்னை விட்டுவிட்டு உள்ளே பார்த்தான். "அண்ணே, நீங்களாவது அக்காவுக்கு எடுத்துச் சொல்லுங்களேன்."

கொர்னேலியஸ் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். "விடு பிலோமி" என்று சொல்லப்போகிறார் என்று நான் அவர் மேலும் கோபப்படத் தயாராக நின்றேன். அவர் எழுந்து டிவியை அணைத்தார். நாற்காலியைத் தூக்கி வந்து வாசற்படியில் போட்டு, கிராணிக்கு நேரே உட்கார்ந்தார்.

"அவ சொன்னதுதான் தம்பி" என்றார். "நாங்களும் பெர்மனென்ட்."